பெரியவளான பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்ட மகள்: விட்டுவிடலாமா, ஏதாவது செய்ய வேண்டுமா?

கொங்குக்காரி எழுதியது:

வணக்கம் தோழிகளே. கோயமுத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் பெண் ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. மாசி மாதம் வயதுக்கு வந்தாள். அதற்கு முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை ஒரு மூலையில் வீசிவிட்டு அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து, யார் யாரோடு டூ விட்டார்கள், எந்த மிஸ் யாரைத் திட்டினார் என்று நான் சமையலை முடிக்கிற வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். இப்போது வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா". கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நிற்கிறாள், ஆனால் யாராவது போட்டோ எடுக்க வந்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். எல்கேஜியிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி இந்த வருடம் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாளாம், அதையே இன்னொரு பிள்ளையின் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது திடீரென்று "அம்மா, நான் அசிங்கமா இருக்கேனா?" என்று கேட்டாள். இல்லை சாமி, நீ அழகுதான் என்றேன். "நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவே" என்று பாதிப் பின்னலோடு எழுந்து போய்விட்டாள்.

மாமியார் இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான், கண்டுக்காமல் விடு என்கிறார். வீட்டுக்காரர் பெண்பிள்ளை விஷயம், நீயே பேசிக்கொள் என்கிறார். விட்டுவிடலாமா, இல்லை ஏதாவது செய்ய வேண்டுமா? எதை வைத்து முடிவு செய்வது?

செவிலி அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் ரத்தம் பார்த்த நாளைத்தான் பெரியவளான நாள் என்று குறித்துவைக்கிறோம், ஆனால் உடம்பில் அது நடக்கத் தொடங்கி ஏற்கனவே இரண்டு, இரண்டரை வருடம் ஆகியிருக்கும். முதலில் மார்பில் சின்னக் கட்டி மாதிரி வரும், பல பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் முதலில் வந்து மறுபக்கம் சில மாதம் கழித்து வரும், இது கேன்சரோ என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் மளமளவென்று உயரம், இடுப்பில் தொடையில் சதை, அக்குளில் முடி, வியர்வை நாற்றம், முகத்தில் பரு. மாதவிடாய்க்கு ஆறு மாதம் ஒரு வருடம் முன்னாலிருந்தே வெள்ளைபடும். இத்தனையும் அந்தப் பிள்ளை தனியாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. நாம் ஒரு நாள் திடீரென்று சீர், புடவை, உளுந்தங்களி என்று வந்து நிற்கிறோம். அதனால் "மாசியிலிருந்து மாறிவிட்டாள்" என்று நீங்கள் நினைப்பது அவள் கணக்கில் ஐந்தாம் வகுப்பிலேயே ஆரம்பித்திருக்கலாம்.

கதவைச் சாத்துவது, எரிந்து விழுவது, ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராமல் காலையில் எழ முடியாமல் படுத்துக்கிடப்பது, இதெல்லாம் வயதோடு வருவது. தூக்கம் தள்ளிப்போவதுகூட உடம்பே செய்கிற வேலைதான், சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டாளா, சாப்பாடு ரொம்பக் குறைந்ததா அல்லது ஒளித்துச் சாப்பிடுகிறாளா, பள்ளிக்குப் போகாமலிருக்க தினமும் வயிற்றுவலி சொல்கிறாளா, கையில் கீறல் இருக்கிறதா, "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" மாதிரி ஏதாவது சொன்னாளா, இதைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மாமியார் சொல்கிறபடி விட வேண்டாம், டாக்டரிடம் காட்ட வேண்டும். கையைக் கீறிக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ இரண்டு வாரம் எல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

இன்னொன்று, ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பன்னிரண்டு வயதுக்கு மேல் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் குறைவு. அசதி, எதிலும் மனசு ஒட்டாமை, படிப்பு ஏறாமை, எல்லாம் இதிலும் வரும். பள்ளியில் வாரம் ஒரு தடவை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை நிறையப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வீசிவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மதியம் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

நான் ஆண், இரண்டு பெண்களுக்கு அப்பா, திருநெல்வேலி. இந்த இழையில் நான் பேசலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் "பெண்பிள்ளை விஷயம், நீயே பேசிக்கொள்" என்ற வரியில்தான் எனக்குக் கண் நின்றது.

என் தங்கச்சி பெரியவளானபோது எனக்குப் பதினைந்து வயசு. அதுவரைக்கும் எங்க அப்பா அவளைச் சைக்கிள் முன் கம்பியில் உட்காரவைத்துத்தான் டவுனுக்குக் கூட்டிப் போவார். அன்றையிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். அவருக்கு அவள்மேல் பாசம் குறையவில்லை, எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் தங்கச்சிக்கு அது எப்படித் தெரியும்? எனக்கு ஏதோ ஆகிவிட்டது, நான் அழுக்கு, அதனால்தான் அப்பா தொடமாட்டேன் என்கிறார் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு வந்தபோது அம்மாவிடம் இதைச் சொல்லி அழுதாள். நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் என் பெரியவள் வயதுக்கு வந்தபோது நான் தீர்மானமாக இருந்தேன். பழைய மாதிரி தூக்கிச் சுற்ற முடியாது, அது அவளுக்கே கூச்சம். ஆனால் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வர எந்தத் தடையும் இல்லை, இரவில் செஸ் விளையாடத் தடையில்லை, பரீட்சைக்குப் போகும்போது தலையில் கை வைக்கத் தடையில்லை. கடைக்குப் போய் நாப்கின் நான்தான் வாங்கி வருவேன். கடைக்காரர் வழக்கம்போல பேப்பரில் சுற்றிக் கருப்புக் கவரில் போட வந்தார், வேண்டாம் அண்ணாச்சி, பிஸ்கட்டோடு சேர்த்தே போடுங்க என்றேன். வீட்டுக்கு வந்து அந்தப் பையிலிருந்து அவளே எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன், ஒரு நிம்மதி தெரிந்தது.

உங்கள் வீட்டுக்காரரை இதைப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா. மாதவிடாயைப் பற்றி அவர் பாடம் நடத்த வேண்டாம். முன்னால் அவளோடு என்னென்ன செய்தாரோ அதில் நாலை விடாமல் செய்தாலே போதும்.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

எனக்குப் பத்தொன்பது வயது, காலேஜ் செகண்ட் இயர். அக்கா, உங்க பொண்ணு கேட்ட கேள்வியை நானும் கேட்டிருக்கேன், ஆனா கண்ணாடியிடம் மட்டும்.

நான் அஞ்சாம் வகுப்பிலேயே வயதுக்கு வந்துவிட்டேன், கிளாஸில் முதல் ஆள். எல்லாரையும் விட உயரம், எல்லாருக்கும் முன்னால் மார்பு. அதுவரை ஓடிப்பிடித்து விளையாடிய பையன்கள் ஒரு மாதிரி சிரிக்க ஆரம்பித்தார்கள், ஒரு டீச்சர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு நாளையிலிருந்து உள்ளே ஷிம்மி போட்டுட்டு வா என்றார், சித்தப்பா வீட்டுக்குப் போனால் "என்ன இப்படி வளர்ந்துட்டே" என்பார்கள். எல்லாருமே என் உடம்பைப் பற்றித்தான் பேசினார்கள், என்னைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் கூன் போட்டு நடக்க ஆரம்பித்தேன், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பேன், இன்றைக்கும் அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் வளர்ந்துவிடும் பெண்களுக்கு மனச்சோர்வு அதிகமாக வருகிறது என்று பின்னால் சைக்காலஜி பாடத்தில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. மனசு பத்து வயசிலேயே இருக்கும், பார்க்கிறவர்கள் மட்டும் பதினாறு வயசுப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

என்னை அதிலிருந்து எடுத்தது வாலிபால். எட்டாம் வகுப்பில் பி.இ.டி. மிஸ் என் உயரத்தைப் பார்த்துவிட்டு, நீ நெட்டுக்குப் பக்கத்தில் நில்லு, இந்தக் கைக்கு பிளாக் பண்ண முடியும் என்றார். அதுவரைக்கும் என் உயரத்தை யாரும் பயன்படுகிற ஒன்றாகச் சொன்னதே இல்லை. "நீ அழகுதான்" என்று அம்மா நூறு தடவை சொல்லியும் நான் நம்பவில்லை, முதல் பந்தைத் தடுத்து விழுத்தியபோது என் கை மேலே எனக்கே மரியாதை வந்தது. அதனால் அவள் அசிங்கமா என்று கேட்டால் அழகு என்று பதில் சொல்வதோடு நிறுத்தாதீங்க அக்கா. ஏன் கேட்கிறே, யார் என்ன சொன்னாங்க என்று கேளுங்க. எங்கிருந்தோ ஒரு வார்த்தை வந்திருக்கும்.

டீச்சர் கலா எழுதியது:

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை எடுக்கிறேன். "எங்கிருந்தோ ஒரு வார்த்தை வந்திருக்கும்" என்று மேலே ஒரு தங்கை எழுதியிருப்பது அப்படியே உண்மை. வந்த இடம் பெரும்பாலும் பெஞ்சாகத்தான் இருக்கும்.

பையன்கள் சண்டை போட்டால் சட்டை கிழியும், நமக்குத் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகள் சண்டையில் சத்தமே இருக்காது. மூன்று பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், நாலாவது பெண் வந்தால் பேச்சு நிற்கும். மதியச் சாப்பாட்டில் வட்டமாக உட்காரும்போது முதுகைக் காட்டி உட்கார்வார்கள். யாராவது கேட்டால் "நாங்க ஒண்ணுமே பண்ணலையே மிஸ்" என்பார்கள், அதுவும் சரிதான், ஒன்றும் பண்ணவில்லைதான். செல்போன் வந்த பிறகு இவளை மட்டும் விட்டுவிட்டு ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் என்ன பேசினார்கள் என்று நைஸாக இவளிடம் சொல்ல ஒருத்தி இருப்பாள். இந்த வயதில் அம்மா அப்பா என்ன நினைக்கிறார்கள் என்பதைவிட அந்த நாலு பேர் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் உலகம். அதைச் சின்ன விஷயம் என்று சொல்லாதீர்கள், அவளுக்கு உயிர் போகிற விஷயம்.

வளர்ச்சியின் வேகம் ஆளுக்கு ஆள் வேறு என்பதும் இதில் இருக்கிறது. ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி ஆறாம் வகுப்பில் பெரியவளாகிறாள், இன்னொருத்தி ஒன்பதாம் வகுப்பு வரை ஆகவில்லை. முதல் பெண்ணுக்குப் பேச வேறு விஷயங்கள் வந்துவிடும், இரண்டாமவளுக்கு இன்னும் நொண்டி விளையாட வேண்டும். அங்கேதான் நட்பு அறுகிறது. இருவரில் யாரும் கெட்டவள் இல்லை.

உடனே அந்தத் தோழியின் அம்மாவுக்குப் போன் போடாதீர்கள். அது மறுநாளே வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். உங்கள் மகளிடம் நேராகக் கேட்டாலும் வராது. கூட ஏதாவது வேலை செய்துகொண்டே, முகம் பார்க்காமல் பேசுங்கள். துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது. தலை பின்னும்போது அவள் கேட்டது சும்மா இல்லை, நீங்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பதால்தான் கேட்டாள். பள்ளிக்கு வெளியே ஒரு நட்பு வட்டம் இருந்தால் நல்லது, பெரியம்மா பிள்ளையோ, பாட்டு கிளாஸோ, தெருவில் உள்ள பிள்ளைகளோ. ஒரு இடத்தில் ஒதுக்கினால் நிற்க இன்னொரு இடம் வேண்டும்.

தாய்மாமன் சீர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இப்போதெல்லாம் பேசினாலே மஞ்சள் நீராட்டு விழாதான் பெண் பிள்ளைகளைக் கெடுத்தது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள், இங்கேயும் "ஒரு நாள் திடீரென்று சீர் புடவை என்று வந்து நிற்கிறோம்" என்று ஒரு குத்தல் இருக்கிறது. நான் மூன்று அக்கா பிள்ளைகளுக்குச் சீர் செய்தவன். தாம்பாளத்தட்டு வரிசையோடு மேளம் வைத்துப் போகும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் இருக்கும் சந்தோஷம் பொய்யா? ஊரே கூடி உனக்கு ஒன்று என்றால் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வதுதான் சீர். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி, எல்லாம் அந்தக் காலத்தில் அந்தப் பிள்ளை வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று வைத்தது. உங்கள் கவுன்சலிங் வருவதற்கு முன்னால் பெண் பிள்ளைக்கு மதிப்புக் கொடுத்தது இந்தச் சடங்குதான்.

செவிலி அக்கா எழுதியது:

தம்பி, குத்தல் இல்லை. களியும் எண்ணெயும் நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், உளுந்து நல்லது, வளர்கிற பிள்ளைக்கு ஒரு வாரம் மட்டும் என்று இல்லாமல் வருடம் முழுக்கக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். பச்சை முட்டை மட்டும் வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள். எனக்கு வருத்தம் தனியாக ஒதுக்கி வைப்பதில். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காட்டில், வயதுக்கு வந்ததற்காக வெளியே கொட்டகையில் படுக்கவைத்த சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். எங்கள் மாவட்டம். புயல் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஆனாலும் உள்ளே கூப்பிட முடியவில்லை. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் என்று வைக்கும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன புரிகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கிளிநொச்சி மச்சாள் எழுதியது:

நான் இப்ப கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். எங்கட ஆக்கள் இதைச் சாமத்திய வீடு என்று சொல்வார்கள். இங்கே பெரிய மண்டபம், மேடை, நாலு தரம் உடுப்பு மாற்றம், வீடியோக்காரர் என்று கலியாணம் மாதிரியே நடக்கிறது. என்ர மூத்தவள் சந்தோசமாகத்தான் செய்தாள், அவளுக்குச் சேலை உடுத்துவது, மாமிமார் எல்லாம் வந்து ஆரத்தி எடுப்பது, எல்லாம் பிடிக்கும். இளையவள் நேரே சொல்லிவிட்டாள், அம்மா எனக்கு வேண்டாம், என்னுடைய உடம்பில் நடந்ததை ஏன் முந்நூறு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று. இங்கே பள்ளிக்கூடத்திலேயே நாலாம் ஐந்தாம் வகுப்பில் இதையெல்லாம் படிப்பிக்கிறார்கள், அதனால் அவளுக்குப் பேசக் கூச்சமில்லை, காட்டுவதில்தான் விருப்பமில்லை. என்ர அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போனில் அழுதா. கடைசியில் வீட்டுக்குள்ளேயே தண்ணி வார்த்து, மாமா வந்து சங்கிலி போட்டு, பதினைந்து பேரோடு சாப்பாடு.

ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைக்கே இரண்டு விருப்பம். அதனால் சடங்கு நல்லதா கூடாதா என்று நாங்கள் இங்கே வாதாடி என்ன பிரயோசனம்? பிள்ளையிடம் கேட்டீர்களா என்பதுதான் என்ர கேள்வி.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

இதையே நானும் சொல்ல வந்தேன். சீர் செய்ததில் எனக்கு வலியில்லை மாமா, எங்க மாமா கொடுத்த பட்டுப்பாவாடையை இன்றைக்கும் வைத்திருக்கேன். எங்க தெரு முனையில் என் போட்டோ போட்டு வைத்த பிளெக்ஸ் பேனர்தான் வலி. என் கிளாஸ் பையன்கள் டியூஷனுக்குப் போகிற வழி அது. வாரக்கணக்கில் கழட்டவே இல்லை. நான் சுற்றுப் பாதையில் நடந்து போனேன்.

கொங்குக்காரி எழுதியது:

எல்லாரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றிங்க. டீச்சர் சொன்ன மாதிரி நேற்று துணி மடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் அவளாகவே ஆரம்பித்தாள். கழுத்துதான் விஷயம். பிடரியில் கருப்பாக ஒரு பட்டை மாதிரி இருக்கிறது, ஒரு வருடமாக இருக்கிறது, வெயில் என்று நினைத்திருந்தோம். பி.டி. பீரியடில் ஜடையைத் தூக்கிக் கட்டும்போது அந்தத் தோழி எல்லார் முன்னாலும் "குளிக்க மாட்டியாடி, எவ்வளவு அழுக்கு" என்று சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து பெயரே "அழுக்கி" ஆகிவிட்டது. கேட்கும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. பாத்ரூம் ஜன்னலில் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர் கிடந்தது, ஏன் இங்கே வந்தது என்று வேலைக்காரம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவள்தான் தினமும் அதை வைத்துக் கழுத்தைத் தேய்த்திருக்கிறாள். ஜடையைத் தூக்கிப் பார்த்தால் தோல் வழன்று இரண்டு இடத்தில் சிவந்து கிடக்கிறது. மாமியார் கடலைமாவில் தயிர் கலந்து தேய்க்கச் சொல்கிறார். ஏதாவது க்ரீம் இருந்தால் சொல்லுங்கள்.

செவிலி அக்கா எழுதியது:

தங்கச்சி, தேய்க்கவே கூடாது. ஸ்கிரப்பரும் வேண்டாம், கடலைமாவும் வேண்டாம், அது அழுக்கே இல்லை. தோல் தடித்துக் கருப்பது. பிடரி, அக்குள், சில பேருக்கு விரல் மூட்டு, இந்த இடங்களில் வரும். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அதிகமாகச் சுரக்கும்போது பெரும்பாலும் இப்படித் தோலில் தெரியும். வயதுக்கு வரும் பருவத்தில் எல்லாருக்குமே இன்சுலின் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதோடு எடை கூடினால், குடும்பத்தில் சர்க்கரை இருந்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். இதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். நீ சுத்தமாகத்தான் இருக்கிறாய், இது உள்ளே இருந்து வருவது, டாக்டரிடம் காட்டிச் சரிசெய்யலாம் என்று. அந்தப் பிள்ளைக்கு முதல் மருந்து அதுதான்.

மெடிக்கலில் போய் வெளுப்பாக்கும் க்ரீம் கேட்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த டியூபைச் சீட்டு இல்லாமலே தூக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், முதலில் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வந்து, முகமென்றால் முடியும் வளரும். போடுவதை நிறுத்தினால் இன்னும் கருக்கும்.

குழந்தைகள் நல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எடை, உயரம், பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு பார்ப்பார்கள். போனவுடன் ஸ்கேன் எடுத்து பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி, என்று யாராவது எழுதினால் பயந்துவிடாதீர்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் கருமுட்டை ஒழுங்காக வெளிவராது, மாதவிடாய் 21 நாளிலும் வரும் 45 நாளிலும் வரும், சினைப்பையில் நிறைய முட்டைப்பைகள் தெரிவது இந்த வயதில் இயல்பு. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து அந்த நோயை முடிவு செய்யக்கூடாது என்றுதான் இப்போதைய சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பதின்மூன்று வயதில் "எனக்குக் குழந்தை பிறக்காதா" என்று அழுத பிள்ளையை எனக்குத் தெரியும், யாரோ ஸ்கேன் பேப்பரைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னதால். ஏழு நாளுக்கு மேல் உதிரம் போனாலோ, மணிக்கொரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, மூன்று மாதம் வராமலே இருந்தாலோ தாமதிக்காமல் போக வேண்டும்.

அப்புறம், எடையைக் குறை எடையைக் குறை என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்ல வேண்டாம். அவளுக்கு மட்டும் சோற்றைக் குறைத்து அண்ணன் தம்பிக்கு வைத்தால் இன்னொரு வினை. வீட்டுக்கே சாப்பாட்டை மாற்றுங்கள்.

மதுரை மல்லி எழுதியது:

இழைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் பெண் ஒன்பதாவது. அவளுக்கு இதே மாதிரி தன்மேல் நம்பிக்கையே கிடையாது, ஆனால் இப்போது திடீரென்று சந்தோஷமாக இருக்கிறாள், காரணம் ஒரு பையன். இன்ஸ்டாகிராமில் பழக்கம், பதினொன்றாவது படிக்கிறானாம். "நீதான் உலகத்துலயே அழகு" என்று தினமும் எழுதுகிறான். போட்டோ அனுப்பச் சொல்கிறான். அவள் அப்பாவிடம் சொன்னால் போனைப் பிடுங்கிப் படிப்பையும் நிறுத்திவிடுவார். என்ன செய்வது?

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

அக்கா, போனைப் பிடுங்கினால் தோழியின் போனில் பேசுவாள், உங்களிடம் சொல்வது மட்டும் நின்றுபோகும். அழகு என்று யாருமே சொல்லாத வீட்டிலிருந்து போகிற பெண்ணுக்கு முதல் தடவையாக ஒருத்தன் சொன்னால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனை மட்டம் தட்டிப் பேசினால் அவள் அவன் பக்கம்தான் போவாள். நீ வேண்டாம் என்று சொன்னால் அவன் கேட்கிறானா, கோபித்துக்கொள்கிறானா, இரண்டு நாள் பேசாமல் இருந்து தண்டிக்கிறானா, தோழிகளோடு பழகாதே என்கிறானா, இதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். போட்டோ அனுப்ப மாட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் யார் என்று அதில் அவளுக்கே தெரிந்துவிடும்.

டீச்சர் கலா எழுதியது:

இதோடு சட்டத்தையும் அவளுக்குச் சொல்லி வையுங்கள், மிரட்டுகிற தொனியில் இல்லாமல். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உடலுறவுக்குச் சம்மதம் என்பதே செல்லாது, பையனும் பதினெட்டுக்குக் கீழே என்றால் அவன் சிறார் நீதி வாரியத்தில் நிற்க வேண்டியிருக்கும். இருவர் வாழ்க்கையும் மாட்டிக்கொள்ளும். ஏற்கனவே ஏதாவது படம் போயிருந்தால் முதலில் அவளைத் திட்டாதீர்கள், இந்த நேரத்தில் பிள்ளைகள் உயிரை விடத் துணிவது படத்துக்காக இல்லை, வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்துக்காக. 1098 சைல்டு லைனில் பேசலாம், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கு மாணவர்கள் அவர்களே கூப்பிடலாம். டேக் இட் டவுன் என்று ஒரு சேவை இருக்கிறது, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் படம் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்றவற்றில் பரவாமல் தடுக்க. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை, அதன் அடையாளக் குறியீடு மட்டும்தான் போகும்.

அப்பாவிடம் மறைக்க வேண்டாம் என்பேன், ஆனால் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மகளோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

அந்த அப்பாவுக்கு யாராவது ஆண்கள் சொன்னால் ஏறும். மச்சினனோ, நண்பரோ யாராவது நிதானமானவர் இருந்தால் அவரை வைத்துப் பேசுங்கள் மல்லி அம்மா. படிப்பை நிறுத்துவது என்ற பேச்சு வந்தால் பள்ளித் தலைமை ஆசிரியரை உடனே பாருங்கள்.

கொங்குக்காரி எழுதியது:

செவிலி அக்கா, அழுக்கு இல்லை என்று சொன்னதும் அவள் நம்பவில்லை. நீங்கள் எழுதியதைப் போனில் காட்டினேன், திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம் "இதை எங்க மிஸ்ஸு கிளாஸ்ல சொல்லுவாங்களாம்மா?" என்று கேட்டாள். டீச்சர், இவள் பெயரைச் சொல்லாமல் அறிவியல் மிஸ்ஸிடம் இதைப் பொதுவாக வகுப்பில் எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? இன்னும் மூன்று நாலு பிள்ளைகளுக்கு அதே மாதிரி கழுத்து இருக்கிறதாம்.

வீட்டுக்காரர் பொருநைக்கரை அண்ணன் எழுதியதைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் நானும் வருகிறேன், லீவு போடுகிறேன் என்றார்.

டீச்சர் கலா எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் என்று பாடமே இருக்கிறது, அதை ஒட்டி ஏழாம் வகுப்பிலும் பொதுவாகச் சொன்னால் யாரையும் குறிவைத்த மாதிரி இருக்காது. ஒரு பிள்ளை கேட்டாள் என்று சொல்ல வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து யாராவது வந்து பேசினால் இன்னும் நல்லது, தலைமை ஆசிரியர் ஒரு கடிதம் கொடுத்தால் வருவார்கள். "அழுக்கி" என்று கூப்பிடுவதை மட்டும் வகுப்பு ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், அது நிற்க வேண்டும், பாடம் நடத்தினால் மட்டும் நிற்காது.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

அக்கா, அவளுக்கு ஓடுவது பிடிக்குமா, பந்து பிடிக்குமா, நீச்சலா? இன்சுலினுக்கும் நல்லது. கழுத்து தெரியும் என்று விளையாட்டை விட்டுவிடாமல் பார்த்துக்கோங்க.

கொங்குக்காரி எழுதியது:

கேட்டேன் கண்ணு. சிலம்பம் என்கிறாள். யூடியூபில் பார்த்திருக்கிறாளாம், எனக்குத் தெரியவே தெரியாது. பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் பெண் பிள்ளைகளுக்குச் சாயந்திரம் சிலம்பம் சொல்லித்தரும் ஆசான் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.